கார் வைத்திருப்பதும் கார் ஓட்டுவதும்



ஒரு காரின் விலை என்ன என்று கேட்டால், கடைக்காரர் சொல்லும் தொகையைத்தான் யாரும் சொல்லுவார்கள். அது பாதிக் கணக்குத்தான். வண்டியை ஓட்டுவதற்கு ஆகும் செலவு வேறு. அதை வாசலில் நிறுத்தி வைத்திருப்பதற்கு ஆகும் செலவு வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் சிங்கப்பூரின் டோபி காட்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் ஒரே ஒரு நிலையம். டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் படித்துறை. முற்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். இன்று அங்கே தரைக்கு மேலே ஆர்ச்சர்ட் சாலையின் கார்கள். தரைக்குக் கீழே மூன்று ரயில் பாதைகள். முதல் பாதை 1987இலும், இரண்டாவது 2003இலும், மூன்றாவது 2010இலும் அந்த நிலையத்துக்கு வந்தன.

ஆர்ச்சர்ட் சாலை வழியாகக் காலையில் நகருக்குள் கார் ஓட்டிப் போக 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி முதல் கட்டணம் வைத்தார்கள். நாளொன்றுக்கு 3 வெள்ளி. சீட்டை முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். காருக்குள் நான்கு பேர் இருந்தால் கட்டணம் இல்லை. விளைவு என்ன தெரியுமா? தனியாகக் கார் ஓட்டி வந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள்! நிற்பவருக்கும் இலவசப் பயணம், ஓட்டுபவருக்கும் 3 வெள்ளி மிச்சம். இந்தச் சலுகையை 1989இல் நிறுத்தினார்கள். அதுவரை விலக்குப் பெற்றிருந்த மோட்டார் சைக்கிளுக்கும் அந்த ஆண்டுதான் கட்டணம் வந்தது. 1998இல் சீட்டும் போய், வண்டிக்குள் பொருத்திய கருவியே பணத்தைக் கழித்துக்கொள்ளும் மின்னியல் சாலைக் கட்டணம் வந்துவிட்டது.

இவையெல்லாம் ஓட்டும் செலவு. ஓட்டாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வைத்திருக்கும் செலவுதான் மலைக்க வைப்பது.

சிறிய தீவு, சாலைக்கு இடம் போதாது. ஆகவே 1990 மே மாதம் முதல், புதிய வண்டி வாங்குபவர் வாகன உரிமைச் சான்றிதழ் என்ற ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு, வண்டி நன்றாக ஓடினாலும், சான்றிதழைப் புதுப்பிக்க மறுபடியும் பணம் கட்ட வேண்டும். இல்லையேல் வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஏல விலை ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கும். 2008 நவம்பரில், உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த வேளையில், சிறிய காருக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆம், இரண்டே வெள்ளி! அதே சிறிய கார் வகைக்கு 2023 அக்டோபரில் 106,000 வெள்ளி.

அந்த ஆண்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் இறங்கும்போது ஒரு கார் 20,000 வெள்ளி பெறுகிறது என்று வையுங்கள். தீர்வை 4,000. பொருள் சேவை வரி 1,920. கூடுதல் பதிவுக் கட்டணம் என்று காரின் விலைக்குச் சரிசமமாக இன்னொரு 20,000. சான்றிதழ் 106,000. கூட்டினால் 151,920 வெள்ளி. விற்பவரின் லாபம் இதில் சேரவில்லை. பத்தாம் ஆண்டு முடிவதற்குள் வண்டியை ஒப்படைத்தால், பதிவுக் கட்டணத்தில் பாதியான 10,000 திரும்பி வரும். மீதியைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 38 வெள்ளிக்கு மேல். ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றாமல், சாவியைத் திருப்பாமல், கார் நிழலில் நிற்பதற்கே இந்தச் செலவு! அதன் காலடியில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நமக்குக் கார் என்றால் கொள்ளை ஆசை. இருந்தாலும் டோபி காட் பக்கம் குடியிருந்தால் கார் வாங்க மாட்டோம். ரயிலில் போவோம், என்றாவது ஊர் சுற்ற வேண்டுமானால் வாடகைக்கு எடுப்போம்.

தோட்டத்துக்கு இது அப்படியே பொருந்தாது. காலடியில் ரயில் இல்லை. பஸ்ஸும் நினைத்த நேரத்தில் வராது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி வேண்டும். ஆனால் எந்த வண்டி? அந்தக் காலத்து மோரிஸ் மைனர் செம்மண் சாலைக்கு ஏற்ற கார். வோக்ஸ்வேகனில் எஞ்சின் பின்னால் இருப்பதால் அதன் பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே விழும். சேற்றிலும் பிடிப்பு உண்டு. மினி காரோ பத்து அங்குலச் சக்கரம் கொண்டது. நகரத்துச் சந்தில் அது துள்ளித் திரியும். தோட்டத்துக் குழியில் இறங்கினால் வயிறு தட்டும். மினியையும் மோரிஸ் மைனரையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற ஒரே மனிதர்தான் என்பது வேடிக்கை.

நாம் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது நம் கப்சாயைத்தான். 1958இல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப் வழியில் பிறந்த வண்டி அது. கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகம் கூடும்போது தானாகவே பற்றிக்கொள்ளும். தூக்குவாளியும் பால்வாளியும் மாட்டிக்கொண்டு பெண்களும் ஓட்டலாம். பழுதானால் தோட்டத்துக் கடையிலேயே சரிபார்த்துவிடலாம். மழைக்கும், நான்கு பேர் போவதற்கும் அது உதவாது என்பது உண்மைதான். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது.

இனி நம் வீட்டுக் கணக்கு. பழைய கார் ஒன்றுக்கு மாதத் தவணை 300 ரிங்கிட் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 10 ரிங்கிட். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இது ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். மழையால் பால்வெட்டு இல்லாத நாளிலும் இந்தப் பத்து ரிங்கிட் ஓடிக்கொண்டே இருக்கும். சாலை வரி, காப்புறுதி, டயர், பெட்ரோல் எல்லாம் இதற்கு மேல். மலேசியாவில் கார்த் தவணை ஒன்பது ஆண்டு வரை நீளலாம். மாதத் தொகை குறைகிறதே என்று ஆண்டைக் கூட்டினால், மொத்த வட்டி ஏறும். ஏழாம் ஆண்டில் கியர்ப்பெட்டி போய்விட்டால் பழுதும் பார்க்க வேண்டும், தவணையும் கட்ட வேண்டும்.

ஆகவே, பிள்ளை முதல் சம்பளத்தோடு வந்து கார் வாங்கலாம் என்று கேட்டால், தாய்மார்களே, ஒரு தாளை எடுத்துக் கொடுங்கள். முன்பணம், மொத்தத் தவணை, ஆண்டுக்கு ஆண்டு வரி, காப்புறுதி ஆகியவற்றை எழுதிக் கூட்டட்டும். அதை நாட்களால் வகுக்கட்டும். மாதத்தில் எத்தனை நாள் அந்த வண்டி உண்மையில் தோட்டத்தை விட்டு வெளியே போகும் என்பதையும் பக்கத்தில் எழுதட்டும். நான்கு நாள்தான் என்றால், அந்த நான்கு நாளுக்கு வாடகைக் கார் என்ன கேட்கும் என்று விசாரித்து, அதையும் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.