பயிர்நோயும் வைரசின் துணைவனும்

வன்னிப் பெருநிலத்து விவசாயிக்கு மிளகாய் வெறும் கறிப்பண்டமன்று. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலே, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் செத்தல் மிளகாய் விளைவித்தோர் பலர் அதன் வருவாயாற் காணியும் வீடும் தேடிக்கொண்டனர். அச்செடியின் தளிர் சுருண்டு இலை சிறுக்குமாயின், 'வைரசு பிடித்துவிட்டது' என்று பிடுங்கி எரிப்பர். செயல் சரியே, காரணந்தான் முழுமையானதன்று. இலங்கை மிளகாயின் இலைச்சுருளல் நோயில், வெள்ளை ஈ பரப்பும் வைரசுடன் துணைக்கோள் என்னும் சிறு கருவமிலம் ஒன்றும் கூடியிருத்தல் 2013இல் அறிவிக்கப்பட்டது. இது டி.என்.ஏ. இனத்தது. இத்தகைய துணைவர் நோயின் கடுமையை ஆளும் முறை நெடுநாள் ஆராயப்பட்டதோ, ஆர்.என்.ஏ. இனத்துத் துணைக்கோள்களிலேயாம்.

துணைக்கோள் ஆர்.என்.ஏ. தானே பெருகும் வல்லமை அற்றது. வைரசின் பெருக்கக் கருவியை இரவல் பெற்றுப் பெருகி, பெரும்பாலும் அதன் புரத உறைக்குள்ளேயே புகுந்து செடிவிட்டுச் செடி செல்லும். வெள்ளரித் தேமல் வைரசின் கருவமிலம் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட அலகுகளையுடையது. அதன் துணைக்கோளுக்கோ ஏறத்தாழ 330 முதல் 400 வரையே. ஆயினும் இச்சிறியதன் செயல் பெரிது.

1972இல் பிரான்சு தேசத்து அல்சாசுப் பகுதியில் தக்காளிச் செடிகள் கருகி மடிந்தன. வெள்ளரித் தேமல் வைரசு தனித்து நின்றால் தக்காளியில் இலை குறுகித் தேமல் படருமேயன்றி, செடி அவ்வாறு மடிவதில்லை. துணைக்கோள் கூடியபோதே மரணம் நேர்ந்தது என்பதை அமெரிக்க ஆய்வாளர் கேப்பரும் வாட்டர்வேர்த்தும் 1977இல் காட்டினர். வியப்பு யாதெனின், தக்காளியைக் கொன்ற அதே துணைக்கோள் மிளகாய் வகையொன்றில் நோயைத் தணித்தது!

தணிவுக்குக் காரணம் எளிது. ஒரே கருவியை இருவர் பங்கிடுங்கால் வைரசின் பெருக்கம் குன்றும். கடுமைக்குக் காரணம் அத்துணை எளிதன்று. புகையிலையை மஞ்சளாக்கும் துணைக்கோளொன்றின் மருமம் 2011இல் வெளிப்பட்டது. செடி தன்னைக் காக்கும்பொருட்டு அத்துணைக்கோளைத் துண்டாக்குகின்றது. அத்துண்டுகளுள் ஒன்று, பச்சையம் ஆக்கும் மரபணுவின் ஒரு பகுதியோடு பொருந்திவிடுகின்றது. செடியோ பகையென மயங்கித் தன் மரபணுச் செய்தியையே வெட்டிவிடுகின்றது. மஞ்சள் நிறம் அதனால் விளைவது.

ஆபிரிக்க நிலக்கடலையைப் பாழாக்கும் உரோசாக்கொத்து நோயிலோ, நோய்க்குறிகளை விளைப்பது பெரும்பாலும் துணைக்கோளே. வைரசு தனித்திருப்பின் செடியிற் குறி தோன்றுவதரிது. 1975இல் வடநைசீரியாவில் இந்நோய் சுமார் 7 இலட்சம் எக்டேர் பயிரை அழித்தது.

தணிக்கும் துணைக்கோளை மருந்தாக்கலாமன்றோ? சீனத்தார் 1981 முதல் அதனை ஏந்திய வைரசை நாற்றுப் பருவத்திலே மிளகாய்க்கும் தக்காளிக்கும் ஏற்றி, கடிய வைரசினின்று காக்க முயன்றனர், பயனும் கண்டனர். ஆயினும் சில அலகுகள் மாறினாலே தணிப்பது கொல்வதாகிவிடும். வன்னித் தோட்டங்களிலோ மிளகாய்ப் பாத்திக்கு அருகே தக்காளி நிற்றல் வழக்கம். வெள்ளரித் தேமல் வைரசைச் சுமக்கும் அழுக்கணவன் பூச்சிக்கு அவ்விரு பாத்திக்கும் இடையே வரம்பு ஏது?