பரிசலுக்கு அடியில் இரண்டு கால்கள்

படகில் நடக்கும் கொலைக்கதைகளுக்கு ஒரு வசதி உண்டு. கரையிலிருந்து யாரும் ஏற முடியாது, படகிலிருந்து யாரும் இறங்க முடியாது. கொன்றவர் பயணிகளில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அகதா கிறிஸ்டி 1937இல் எழுதிய ‘டெத் ஆன் தி நைல்’ நாவலுக்கு ஒரு நீராவிக் கப்பல் தேவைப்பட்டது இதற்காகத்தான். காவிரியில் அருவி விழும் ஒகேனக்கல்லின் பரிசலில் இந்த வசதி கிடையாது. ஆறேழு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் மூங்கில் கூடையில் அறை இல்லை, மறைவு இல்லை. யார் கை யார் மேல் பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே கொலை நடந்தால் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒகேனக்கல்லை வைத்து மர்ம நாவல் எழுதுகிறவர், மர்மத்தைப் பரிசலுக்கு வெளியே தண்ணீரில்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கூடவே அறிவியலும் வந்து உட்கார்ந்துவிடும்.

துப்பறிவது ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். படகு வலிக்கும் பெண் தமிழ் நாவலுக்குப் புதியவள் அல்ல. கல்கி எழுதி ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் கோடியக்கரைப் பூங்குழலி, வந்தியத்தேவனைத் தன் படகில் ஏற்றி இலங்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதே நாவலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையும் இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலான சிலரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், நாவலில் அந்தக் கடைசி அடி யாருடையது என்பதைக் கல்கி மூடுமந்திரமாகவே விட்டார். படகும் கொலையும் கெட்டிக்காரப் பெண்ணும் ஒரே கதையில் இருந்தும் பூங்குழலியைத் துப்பறிய விடவில்லையே என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்.

அந்தப் பொன்னி, அதாவது காவிரி, தமிழகத்துக்குள் நுழையும் இடம் ஒகேனக்கல். இங்கே கதாநாயகியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பயணிகள் வாங்கிவரும் மீனை அலசி, மிளகாய்த்தூள் தடவி, விறகடுப்பில் குழம்பும் வறுவலும் செய்து கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஊரே அவர்களைத் தாண்டித்தான் போகும். அவர்களில் ஒருவர், பரிசலோட்டியின் வீட்டில் பிறந்தவர், நம் நாவலின் அக்கா.

முதல் தடயம் அவர் கண்ணில்தான் படுகிறது. பாறையும் மேடுமாக இருக்கும் இடத்தில் பரிசலை ஓட்ட முடியாது. பரிசலோட்டி அதைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு நடப்பார். தலை, தோள், கை எதுவும் தெரியாது. ஒரு பெரிய கறுப்பு வட்டம் இரண்டு கால்களோடு நகர்ந்து போகும், அவ்வளவுதான். அந்தி நேரத்தில் அப்படி ஒருவர் போனதை இருபது பேர் பார்த்திருப்பார்கள். யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். பரிசல் சுமந்து பழகியவரின் பாதம் ஈரப் பாறையில் அகன்று, தட்டையாக ஊன்றும். சுமை அசையாமல் இருக்க அடி குறுகும். பழகாதவர் பாரத்தின் தள்ளாட்டத்துக்குக் கால் மாற்றிக்கொண்டே இருப்பார். மனித நடையை வைத்து ஆளை அடையாளம் காண்பது இன்று தடயவியலில் ஒரு தனித் துறை. கண்காணிப்பு கேமராவில் முகம் தெரியாதபோது அதையும் நாடுகிறார்கள்.

அடுத்தது பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அடியில் முன்பெல்லாம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனியாகவே கட்டுரை எழுதியிருக்கிறார். இராக்கில் இதன் உறவுக்காரப் படகுக்கு ‘குஃபா’ என்று பெயர். அதற்கும் மேலே பூசுவது நிலக்கீல்தான். சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில், ஊழி வெள்ளத்துக்காகக் கட்டச் சொன்ன பேழையே ஒரு பிரம்மாண்டமான வட்டப் பரிசல் என்று பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல் படித்துச் சொன்னார். அதன் சிறிய மாதிரியைக் கட்டிப் பார்த்தது நம் பக்கத்துக் கேரளத்தில்.

இரண்டரை மீட்டர் விட்டமுள்ள பரிசல், தண்ணீரைத் தொடும் மட்டத்தில் ஏறத்தாழ 4 சதுர மீட்டர் பரப்பு கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு பேரும் பரிசலும் சேர்ந்து 440 கிலோ என்றால், அது மூழ்கும் ஆழம் வெறும் 11 செ.மீ., அதாவது அரைச் சாண். பாறை தலைகாட்டும் ஓடையிலும் அது வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். இதற்குக் கொடுக்கும் விலை, திசை. நீளப் படகின் உடல் தண்ணீரைக் கிழித்து ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும். வட்டத்துக்குப் பிடிப்பே இல்லை. பின்னாலிருந்து துடுப்புப் போட்டால் விசை கொஞ்சம் விலகினாலும் போதும், சுற்றிவிடும். அதனால் பரிசலோட்டி முன்பக்கம் உட்கார்ந்து, எதிரே உள்ள தண்ணீரைத் தன் பக்கம் வாரி இழுக்கிறார். மாடு வண்டியை முன்னாலிருந்து இழுப்பது போலத்தான்: இழுக்கப்படும் பொருள் தானாக நேர்ப்படும், தள்ளப்படும் பொருள் விலகி ஓடும். புதிதாக ஒருவர் தனியே பரிசலைக் கிளப்பினால் அவர் உட்கார்ந்த பக்கம் தாழும், எதிர்ப்பக்கம் எழும்பும், துடுப்பு போட்ட இடத்திலேயே ராட்டினம் சுற்றுவார். ‘நானே தனியாக அக்கரைக்கு ஓட்டிப் போய்விட்டு வந்தேன்’ என்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு தொழிலதிபர் நாவலில் சொன்னால் அக்கா சிரிப்பார். போலீஸ்காரர் சிரிக்க மாட்டார். அவர் நீளப் படகை மனதில் வைத்திருக்கிறார்.

தொழிலதிபர் சொன்னதை உடைக்க ஓர் ஆவணமும் உண்டு. ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் வரத்தை அளக்கிறது. தமிழகம், கர்நாடகம் என்ற இரு மாநில நீர்க் கணக்குக்கும் அதுதான் அளவுகோல். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குத் தீர்ப்பளித்த 177.25 டி.எம்.சி.யும் அங்கே அளந்து வர வேண்டியதே. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். வினாடிக்கு 8,000 கன அடி என்று செய்தியில் சாதாரணமாகப் படிக்கிறோம். ஒரே வினாடியில் இரண்டேகால் லட்சம் லிட்டர் கடந்து போகிறது என்று பொருள். நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது பரிசலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை போடுகிறது. கொலை நடந்த சாயங்காலம் அந்தத் தடை இருந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்பதை ஒரு பழைய தினத்தாளே சொல்லிவிடும். மர்ம நாவலாசிரியர்களுக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதி வைத்துக்கொள்ளும் ஆறு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அருவிக்கு அடியில் கதை வேறு. வெள்ளையாகப் பொங்கும் இடத்தில் தண்ணீர் பாதி, காற்று பாதி. தெளிந்த நீரின் அடர்த்தியை நூறு என்று வைத்தால், 40 சதவீதம் காற்றுக் குமிழி கலந்த நீரின் அடர்த்தி அறுபதாகக் குறைந்துவிடும். மனித உடலின் அடர்த்தியோ ஏறக்குறைய நூறு. தெளிந்த நீரில் மிதப்பவர் அங்கே மிதக்க மாட்டார், லைப் ஜாக்கெட்டும் போதாமல் போகலாம். நுரைக்குக் கீழே, விழும் நீர் அடித்தளத்தில் மோதி மேலெழுந்து மறுபடி அருவிப் பக்கமே திரும்பும். அந்தச் சுழற்சியில் அகப்பட்டது எதுவும் உடனே கீழே போகாது. திரைப்படங்களில் அருவியில் தள்ளப்பட்டவர் அடுத்த காட்சியில் கீழே கரை ஒதுங்குவதை நம்பி நாவல் எழுதினால் அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். உடல் சில நாள் உள்ளேயே சுழலும், பிறகு குடலுக்குள் கிருமிகள் உண்டாக்கும் வாயு அதைத் தூக்கும். வெதுவெதுப்பான நீரில் இது சீக்கிரம் நடக்கும், குளிர்ந்த நீரில் தாமதமாகும். அதற்குப் பிறகும் வழியில் தங்கவில்லை என்றால் போய்ச் சேரும் இடம் மேட்டூர் நீர்த்தேக்கம்.

உடல் கிடைத்ததும் பெரிய கேள்வி வருகிறது: ஆற்றில் மூழ்கிச் செத்தாரா, செத்த பிறகு ஆற்றில் போடப்பட்டாரா? இதற்குச் சாட்சி, கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்னும் பாசி. ஒகேனக்கல் பாறையில் கால் வழுக்கவைக்கும் பழுப்புப் பசையில் இவை ஏராளம். ஒவ்வொன்றுக்கும் சிலிகாவால் ஆன, வகைக்கு வகை வேறு வேலைப்பாடு கொண்ட கண்ணாடிக் கூடு. உயிரோடு மூழ்குபவர் இழுக்கும் தண்ணீரோடு இவை நுரையீரலுக்குள் போய், அங்குள்ள மெல்லிய சவ்வு கிழிந்து, இன்னும் துடிக்கும் இதயத்தால் ரத்தத்தில் தள்ளப்பட்டு எலும்பு மஜ்ஜைவரை போய்விடும். இதயம் நின்ற உடலில் தள்ள ஆளில்லை. தொடை எலும்பின் மஜ்ஜையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் சதை போகும், கண்ணாடி மிஞ்சும். பாறையில் ஒட்டி வாழும் வகைகளா, தேங்கிய நீரில் மிதக்கும் வகைகளா என்று பார்த்தால் ஓடும் காவிரியா மேட்டூரா என்று ஊகிக்கலாம். ஜெர்மனியில் ரெவென்ஸ்டோர்ஃப் 1904இல் இதைத் தொடங்கி வைத்தார். எச்சரிக்கையும் உண்டு: மூழ்காதவர்களின் உடலிலும் டயாட்டம் கிடைத்திருக்கிறது, ஆய்வுக்கூடத்து நீரிலிருந்தே ஒட்டிக்கொள்ளலாம். இது ஒன்றை மட்டும் நம்பித் தூக்கு மேடை கட்ட முடியாது. சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849இலேயே வந்துவிட்டது என்பதால் நம் அக்கா வாழும் மாநிலம் தடயவியலுக்குப் புதிது அல்ல.

ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி மாவட்டத்துக்கே உரிய திருப்பம் ஒன்றையும் நாவலாசிரியர் கைவிடக்கூடாது. கொலைகாரர் புத்திசாலி, ஆளை வீட்டுத் தொட்டியில் முக்கிக் கொன்று ஆற்றில் போடுகிறார். குழாயில் வந்ததும் காவிரித் தண்ணீர்தானே, டயாட்டம் பொருந்திவிடும் என்று கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால், 2013இல் ஜப்பானின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது உண்மை. ஆனால் அது வடிகட்டிய நீர். கண்ணாடிக் கூடுகளில் பெரும்பகுதி மணல் படுகையிலேயே தங்கிவிடும். மஜ்ஜையில் ஒன்றும் கிடைக்காவிட்டால், அது மட்டுமே எதையும் நிரூபிக்காது என்றாலும், சந்தேகம் அவர் பக்கம் திரும்பும்.

செத்தவர் யார் என்று தெரியவில்லையா? வாயைத் திறந்து பார்க்கச் சொல்வார் அக்கா. பல்லின் எனாமல் உருவாகும் சுமார் எட்டு வயதுக்குள் ஃபுளூரைடு மிகுந்த நீரைக் குடித்தவருக்குப் பல்லில் பழுப்புக் கறை நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு எத்தனை வருடம் காவிரி நீர் குடித்தாலும் போகாது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்து வெளியூர் போனவராக இருக்கலாம். அக்காவுக்கு அந்தக் கறை பழக்கமானது, தன் தலைமுறையில் பலரிடம் பார்த்தது.

ஒரு சிக்கல் பாக்கி. இங்கே ஆற்றின் அக்கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். உடல் அந்தப் பக்கம் ஒதுங்கினால் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஒகேனக்கல் போலீஸ் ஸ்டேஷனுக்கே போகலாம்.