விலங்கும் சட்டமும் – 9: நரியைத் துரத்தலாமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவிக் காட்டுவிலங்கை வேட்டையாடுவது 2005 பிப்ரவரி 18 முதல் குற்றம். 2004 நவம்பரில் நிறைவேறிய வேட்டைச் சட்டம் நரி, மான், காட்டுமுயல், மிங்க் என எல்லாக் காட்டுப் பாலூட்டிகளுக்கும் பொருந்தும். எலிக்கும் குழிமுயலுக்கும் விலக்கு உண்டு. ஆனால் சண்டை பெரும்பாலும் நரியைச் சுற்றியே நடந்தது.

தடைக்கு முன்பெல்லாம் நரிவேட்டைக்கான ஏற்பாடு முதல் நாள் இரவே தொடங்கிவிடும். நரி இரை தேடப் போயிருக்கும் நேரம் பார்த்து வளைகளின் வாயை அடைத்துவிடுவார்கள்; காலையில் அது புகுந்துகொள்ள இடம் இருக்காது. பிறகு முப்பது, நாற்பது ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களைப் புதருக்குள் விடுவார்கள். மோப்பம் கிடைத்ததும் நாய்கள் குரலெடுக்கும், கொம்பு ஊதப்படும், சிவப்புக் கோட்டுக்காரர்கள் குதிரைமேல் வேலிகளைத் தாண்டிப் பின்னால் பாய்வார்கள். எப்படியோ ஒரு வளைக்குள் நுழைந்துவிட்ட நரியைப் பிடிக்க டெரியர் நாயை உள்ளே அனுப்பி, மண்ணைத் தோண்டிச் சுட்டுக் கொல்வதும் உண்டு. இந்த மோகம் கடல் கடந்தும் வந்தது. ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுச் சிவப்பு நரி கிடைக்காத குறையை வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்தித் தீர்த்துக்கொண்டனர்.

1997-இல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் தடை பற்றிய பேச்சு சூடுபிடித்தது. அரசு அமைத்த பர்ன்ஸ் பிரபு குழு 2000-இல் அறிக்கை தந்தது. நாய்களிடம் சிக்கும் நரியின் நலன் கடுமையாகப் பாதிக்கப்படுகிறது என்றது குழு. ஆனால் வேட்டையைக் கொடுமை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இரு தரப்பும் அறிக்கையைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டன.

வேட்டைக்காரர்களின் முதல் வாதம் ஆட்டுக்குட்டியும் கோழியும். நரியைக் கட்டுப்படுத்தாவிட்டால் பண்ணைகள் தாங்காது, துப்பாக்கியால் சுட்டால் அது காயத்தோடு ஓடிப்போய்ச் சித்திரவதைப்பட்டுச் சாகும் என்றார்கள். இந்த வாதத்தின் முதல் பாதி பலவீனமானது. வேட்டைக்கு வாகாகச் செயற்கை வளை கட்டி நரிக்கு இடம் கொடுத்த குழுக்களும் இருந்தன. 2001-இல் கோமாரி நோயால் வேட்டை பல மாதங்கள் நின்றபோது நரிகளின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை என்று அடுத்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பிழைப்பு பற்றிய அவர்களது அடுத்த வாதம் அப்படித் தள்ளக்கூடியதல்ல. வேட்டையை நம்பி 6,000 முதல் 8,000 முழுநேர வேலைகள் இருப்பதாகப் பர்ன்ஸ் குழுவே கணக்கிட்டது. பண்ணையில் செத்த மாட்டை எடுத்துப்போய் நாய்களுக்குப் போடுவதும் வேட்டைக் குழுக்கள்தான். விவசாயிக்கு அது பெரிய உதவி. 2002 செப்டம்பரில் தடையை எதிர்த்து லண்டனில் நடந்த பேரணியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதற்குக் காரணம் நரி மட்டுமல்ல. நகரத்தார் கிராமத்துக்குச் சட்டம் போடுகிறார்கள் என்ற கோபமும் அதில் இருந்தது. எதிர்த்தரப்பில் பலருக்கோ அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டாலே ஆகாது.

கீழவை தடையை நிறைவேற்றுவதும் பிரபுக்கள் அவை மறிப்பதுமாகக் காலம் போயிற்று. 2004 செப்டம்பரில் தடையை எதிர்த்தவர்கள் சிலர் கீழவைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். கடைசியில் மேலவையை மீறிச் சட்டமியற்ற வழிசெய்யும் 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்களைக் கையிலெடுத்தே தடை கொண்டுவரப்பட்டது. 1949 சட்டமே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2005 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் தள்ளுபடி செய்தனர். பிரதமராக இருந்த டோனி பிளேர், 2010-இல் வெளியிட்ட நினைவுநூலில் இந்தத் தடைக்காக வருந்தினார்.

சட்டத்தின் ஓட்டைகள் விரைவிலேயே தெரிந்தன. சுடுவதற்காக விலங்கை வெளியே விரட்ட இரண்டு நாய்கள் வரை பயன்படுத்தலாம். வேட்டைப் பறவைக்கு இரையை விரட்டித் தரவும் நாய் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியைப் பார்த்த சில குழுக்கள் கழுகோடு கிளம்பின. இவற்றைவிடப் பெரிய சிக்கல், வேட்டையாடும் எண்ணத்தை நிரூபித்தாக வேண்டும் என்பது. விலங்கைத் தேடுவது மட்டும் வேட்டையாகாது என்று உயர் நீதிமன்றம் 2009-இல் கூறிவிட்டது. ஆகவே ‘ட்ரெயில் ஹன்டிங்’ பெருகியது. நரியின் சிறுநீர் தோய்த்த துணியை இழுத்துத் தடம் போட்டு, நாய்களை அதன்மேல் ஓட விடுவார்கள். வழியில் உண்மையான நரி எழும்பி நாய்கள் அதன் பின்னே போய்விட்டால், அது விபத்து என்று சொல்லிவிடலாம். எதிர்ப்பாளர்கள் கேமராவோடு பின்தொடர்ந்தாலும், குதிரைமேல் இருப்பவரின் மனத்தில் என்ன இருந்தது என்பது படத்தில் பதியாது. பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தன் நிலங்களில் இந்த வேட்டைக்கு 2021-இல் கதவடைத்தது.

ஸ்காட்லாந்து 2002-லேயே தடை கொண்டுவந்தது. சுடுவதற்காக விரட்ட எத்தனை நாய் வேண்டுமானாலும் என்ற சலுகை அங்கே இருந்தது. 2023-இல் வந்த புதிய சட்டம் அதை இரண்டு நாய்களாகக் குறைத்து, அதற்கு மேல் உரிமம் கேட்டது, ட்ரெயில் ஹன்டிங்கையும் தடுத்தது. வட அயர்லாந்தில் தடையே இல்லை; 2021-இல் அங்கே கொண்டுவந்த மசோதா தோற்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ட்ரெயில் ஹன்டிங்கைத் தடைசெய்வதாக வாக்களித்து லேபர் கட்சி 2024 தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது.