கடலுக்கடியில் காற்று தீர்ந்தால்? கைகொடுக்கும் ‘போனி பாட்டில்’... எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

30 மீட்டர் ஆழம். மீன் கூட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார் ஒரு டைவர். அடுத்த மூச்சை இழுக்கிறார், பாதிதான் வருகிறது. அதற்கடுத்த மூச்சு வரவே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஜோடியாக வந்தவர் 15 மீட்டர் தள்ளி எதையோ ரசித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நீந்திப் போவதா, நேராக மேலே போவதா?

இதற்கு மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. மெயின் சிலிண்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், தனி ரெகுலேட்டர் மாட்டிய ஒரு குட்டி சிலிண்டர். டைவர்கள் இதை ‘போனி பாட்டில்’ என்பார்கள். நம்ம ஊர் கடைக்காரர் காலையில் எதிர்பார்க்கும் போனி இல்லை இது. குட்டிக் குதிரை என்ற அர்த்தத்தில் வரும் பெயர்.

அந்தமானின் ஹேவ்லாக், புதுச்சேரி என்று லீவு கிடைத்தால் டைவிங் கிளம்புபவர்கள், முதல் கோர்ஸ் முடித்து மாஸ்க், ஃபின்ஸ், டைவ் கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கிய பிறகு அடுத்துத் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். பார்க்க அழகா, கைக்கு அடக்கமா இருக்கும். பிரச்னையே அந்த அடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஏற்கெனவே ரெண்டு ரெகுலேட்டர் இருக்கே?

இருக்கிறது. மஞ்சள் ஹோஸில் தொங்கும் ‘ஆக்டோபஸ்’ எல்லா டைவரிடமும் உண்டு. ஆனால், அது அதே சிலிண்டரிலிருந்து, அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வழியாகத்தான் காற்றை எடுக்கிறது. சிலிண்டர் காலியானால் இரண்டுமே காலி. அது உங்களுக்கான பேக்கப் அல்ல. பக்கத்தில் இருப்பவருக்கான பேக்கப்.

அடிப்படைப் பயிற்சியில் சொல்லித்தரும் முதல் வழி, ஜோடி டைவரின் ஆக்டோபஸை வாங்கிக்கொண்டு சேர்ந்து மேலேறுவது. ஆழம் 9 மீட்டருக்குள் என்றால், மூச்சைப் பிடித்து வைக்காமல் சீராக வெளியே விட்டபடி தனியாக மேலேறலாம். 30 மீட்டரில், ஜோடியும் தூரத்தில் இருந்தால் இந்த இரண்டுமே கஷ்டம்.

இது எப்போதோ நடக்கும் விஷயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ ஆய்வாளர்கள் 947 ஸ்கூபா மரணங்களை அலசி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், விபத்தைத் தொடங்கி வைத்த காரணம் தெரியவந்த சம்பவங்களில் 41 சதவீதத்தில் அது போதிய காற்று இல்லாமல் போனதுதான். கருவி கோளாறு 15 சதவீதம். அதாவது, உடைந்துபோன ரெகுலேட்டரைவிட, பார்க்காமல் விட்ட பிரஷர் கேஜ்தான் அதிகம் ஆபத்து.

எவ்வளவு பெரிசு வேணும்? கணக்குப் போட்டுப் பாருங்க

கடையில் போனி பாட்டில்களைக் கன அடியில் சொல்வார்கள்: 13, 19, 30, 40. லிட்டரில் சொன்னால், முழு அழுத்தத்தில் நிரப்பிய 13 கன அடியில் சுமார் 370 லிட்டர் காற்று, 19-ல் 540, 30-ல் 850. இவை தவிர ‘ஸ்பேர் ஏர்’ மாதிரி, ரெகுலேட்டர் தலையிலேயே பொருத்திய கையடக்க சிலிண்டரும் உண்டு. அதன் பெரிய மாடலே 3 கன அடிதான், அதாவது 85 லிட்டர்.

இனி தேவை. நிதானமாக நீந்துபவர் தண்ணீருக்கு மேலே நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்றை சுவாசிக்கிறார். பதறினால் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடுவதால், 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார். அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைவிட 4 மடங்கு காற்றைச் சாப்பிடும்.

போனி ரெகுலேட்டரை வாயில் வைத்து, நிதானத்துக்கு வந்து மேலேறத் தயாராக ஒரு நிமிடம்: 40 பெருக்கல் 4, 160 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற சுமார் 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார்: 330 லிட்டர். அங்கே 3 நிமிட சேஃப்டி ஸ்டாப்: 180. கடைசி 5 மீட்டரை மெதுவாக ஒரு நிமிடத்தில் ஏற 50. மொத்தம் 720 லிட்டர்.

இப்போது அந்த 85 லிட்டரைப் பாருங்கள். பதற்றத்தில் 30 மீட்டரில் அது அரை நிமிடம் தாங்கும். அவ்ளோதான். 19 கன அடி சேஃப்டி ஸ்டாப்பைத் தவிர்த்தால் சரியாகப் போதும், ஆனால் ஒரு மூச்சுகூட மிச்சம் இருக்காது. 30 கன அடிதான் இந்த ஆழத்துக்கு ஒழுங்கான சைஸ். உங்கள் எல்லை 18 மீட்டர் என்றால் இதே கணக்கில் ஸ்டாப்போடு சேர்த்து சுமார் 470 லிட்டர் வரும், 19 தாராளம்.

இந்த லிட்டர் எல்லாம் 207 பார் வரை நிரப்பினால்தான். 150 பாரோடு இறங்கினால் கால் பங்குக்கு மேல் அங்கேயே காணாமல் போயிருக்கும்.

பயணத்தில் தூக்கிக்கொண்டு போக சிறியதுதான் வசதி என்பது உண்மைதான். ஆனால் மேலே வந்து சேர்க்காத சிலிண்டர் எத்தனை கிலோ குறைவாக இருந்து என்ன பயன்?

முதுகிலா, பக்கவாட்டிலா?

மெயின் சிலிண்டரோடு சேர்த்து பிராக்கெட் போட்டு முதுகில் மாட்டுவது ஒரு வழி. முன்பக்கம் ஃப்ரீயாக இருக்கும், படகிலிருந்து குதிக்கச் சுலபம். ஆனால் வால்வு கைக்கு எட்டாது, கேஜ் கண்ணுக்குத் தெரியாது, கசிந்து குமிழி போனாலும் ஜோடி டைவர் சொன்னால்தான் உண்டு. கைவிடப்பட்ட மீன்வலை எதிலாவது சிக்கினால் எடுத்துவிடுவதும் சிரமம்.

இரண்டாவது வழி, இடப்பக்கம் தொங்கவிடுவது. சிலிண்டர் கழுத்தில் ஒரு ஸ்நாப் கொக்கி, உடம்பின் கீழ்ப்பகுதியில் கிளாம்ப் போட்டு இன்னொரு கொக்கி. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். மேல் கொக்கி இடது தோள் டி-ரிங்கில், கீழ்க் கொக்கி இடது இடுப்பு டி-ரிங்கில். ஹோஸை சிலிண்டரோடு ஒட்டிப் பிடிக்க ரப்பர் பட்டை; பழைய டியூபை வெட்டிப் போட்டாலும் போதும். வால்வு மார்புக்குப் பக்கத்திலேயே இருக்கும், குட்டி கேஜை குனிந்தால் படிக்கலாம், தேவைப்பட்டால் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். முதல் சில டைவ்களில் ஒரு பக்கம் இழுப்பது மாதிரி இருக்கும், பழகிவிடும். இரண்டில் இதுதான் பெட்டர் சாய்ஸ்.

ரெகுலேட்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழையதை இதற்கு ஒதுக்குவது வழக்கமான தப்பு. மெயின் ரெகுலேட்டரை சர்வீஸ் கொடுக்கும்போதே இதையும் கொடுத்துவிட வேண்டும்.

ஆளைக் கொல்லும் குழப்பம்

போனி பாட்டிலே உயிரை வாங்கவும் முடியும். படகு ஆடுகிறது, அவசரம், கைக்கு வந்த ரெகுலேட்டரை வாயில் வைத்து டைவர் குதித்துவிடுகிறார். அது போனியின் ரெகுலேட்டர். கீழே போய் மெயின் கேஜைப் பார்த்தால் 200 பார், பத்து நிமிடம் கழித்தும் 200. ‘இன்னைக்கு காற்று நல்லா மிச்சமாகுதே’ என்று சந்தோஷம் வேறு! திடீரென்று மூச்சு நிற்கும்போது, மெயின் சிலிண்டர்தான் தீர்ந்தது என்று நினைத்து அவர் ‘பேக்கப்’ என்று தேடிப் பிடிப்பதும் அதே போனியைத்தான். முதுகில் முழு சிலிண்டர் காற்று அப்படியே இருக்கும். இப்படி நடந்த மரணங்கள் உண்டு.

அதனால்தான் பக்கவாட்டில் மாட்டுபவர்கள் பலர் வால்வை ஒருமுறை திறந்து, ஹோஸில் அழுத்தம் ஏறியதும் மூடிவிடுகிறார்கள். அழுத்தம் இருப்பதால் தண்ணீர் உள்ளே புகாது. ஃப்ரீ-ஃப்ளோ ஆகி முழுக் காற்றும் வீணாகாது. தவறி அதை வாயில் வைத்தாலும், இரண்டு மூன்று மூச்சில் நின்று தண்ணீருக்கு மேலேயே காட்டிக்கொடுத்துவிடும். முதுகில் மாட்டினால் இந்த வசதி இல்லை. கை எட்டாத வால்வை திறந்தே வைத்திருக்க வேண்டும். எந்த முறையானாலும், போனியின் ரெகுலேட்டருக்கு வேறு நிற கவர், நாக்கில் பட்டதும் தெரிகிற வேறு வடிவ மவுத்பீஸ், எப்போதும் ஒரே இடம்.

எல்லாருக்கும் தேவையா?

இல்லை. 12 மீட்டரில் டைவ் மாஸ்டரோடு குழுவாகப் போகிறவர், அந்தப் பணத்தை இன்னும் பத்து டைவுக்குச் செலவழித்து கேஜ் பார்க்கும் பழக்கத்தை வளர்க்கலாம். 18 மீட்டருக்குக் கீழே அடிக்கடி இறங்குபவர்கள், கலங்கிய தண்ணீரில் போகிறவர்கள், கேமராவில் மூழ்கி ஜோடியை மறந்துவிடும் போட்டோகிராஃபர்கள் ஆகியோருக்குத்தான் இது அவசியம். எஸ்டிஐ அமைப்பின் தனி டைவர் கோர்ஸில் சேரவே 21 வயதும் 100 டைவ் அனுபவமும் கேட்கிறார்கள். தனி பேக்கப் காற்று அங்கே கட்டாயம்.

வாங்கிவிட்டால், போனியில் இருக்கும் காற்றை டைவ் பிளானில் சேர்க்கவே கூடாது. மெயின் சிலிண்டரில் 50 பார் என்றால் மேலே வர வேண்டும். போனி இருக்கிறதே என்று இன்னும் ஐந்து நிமிடம் தங்குபவர் பேக்கப்பை செலவு செய்துவிட்டார். 5 மீட்டரில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வால்வைத் திறந்து ரெகுலேட்டரை மாற்றிப் பழக வேண்டும், ஒவ்வொரு ட்ரிப்பிலும்.

விமானத்தில் நிரப்பிய சிலிண்டரை ஏற்றவே விடமாட்டார்கள். காலி சிலிண்டருக்கும் வால்வைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். டிக்கெட் போடும் முன் ஏர்லைனிடம் கேட்டுவிடுங்கள். போகிற டைவ் சென்டருக்கும் ஒரு மெசேஜ்: வாடகைக்கு போனி கிடைக்குமா, நீங்கள் கொண்டுவருவதை நிரப்பித் தருவார்களா?