ஆடுவது பதினொரு பேர், துடிப்பது ஊரெல்லாம்

2024 ஜூன் 29. பார்படாஸில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதும் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கிளாசனின் விளாசலில் அக்சர் படேலின் ஒரே ஓவரில் 24 ரன் போய்விட்டது. இனி தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும், கையில் ஆறு விக்கெட். நம் ஊரில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டியில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியின் நாடியை யாராவது பிடித்துப் பார்த்திருந்தால், தோட்டத்தில் மூட்டை தூக்கி இறக்கியவரின் நாடி போலத்தான் இருந்திருக்கும். மனிதர் நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

இது வெறும் யூகமல்ல. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஐஸ் ஹாக்கி ரசிகர்களின் இதயத் துடிப்பை ஆட்டம் நடக்கும்போதே அளந்து, 2017ல் முடிவை வெளியிட்டார்கள். டிவியில் பார்த்தவர்களுக்குத் துடிப்பு 75 சதவீதம் ஏறியது. மைதானத்தில் பார்த்தவர்களுக்கு 110 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் ஆரோக்கியமானவர்கள்.

காரணம் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். நமக்கு வேண்டியது பறிபோகப் போகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிட்டால், உடனே அங்கே உத்தரவு பறக்கும். அட்ரினலின் ரத்தத்தில் கலக்கும். துடிப்பு கூடும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். ஆபத்து எதிரில் நிற்கிறதா, கடல் கடந்து ஒரு தீவில் நடக்கிறதா என்று அந்தச் சுரப்பி விசாரிப்பதில்லை.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத பக்கமும் இதற்கு உண்டு. 2006ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தபோது, மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் அவசர இதய நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்கு; ஆண்களில் மூன்று மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஆட்ட நாளில் மாத்திரையை மறக்கக் கூடாது. நெஞ்சு வலித்தால் ‘இந்த ஓவர் முடியட்டும்’ என்று உட்கார்ந்திருக்கவும் கூடாது.

இவ்வளவு படுத்தும் ஒன்றை ஏன் விட முடியவில்லை? டோபமைன் என்ற மூளை ரசாயனத்தில் ஒரு துப்பு கிடைக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளுக்குப் படங்களைக் காட்டி, சில படங்களுக்குப் பிறகு நிச்சயமாகவும், சிலவற்றுக்குப் பிறகு எப்போதாவதும் பழச்சாறு போன்ற பரிசு கொடுத்தார்கள். பரிசு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான், காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் செல்கள் மெல்ல மெல்ல உச்சத்துக்குச் சூடேறின. 2003ல் வெளிவந்த முடிவு இது. குரங்கின் மூளையிலிருந்து ரசிகரின் மனசுக்கு நேரே தாவிவிட முடியாது. ஆனாலும் கிரிக்கெட்டின் அமைப்பைப் பாருங்கள். பந்து வீசுபவர் திரும்பி நடக்கிறார், பந்தைத் தேய்க்கிறார், ஃபீல்டரை நகர்த்துகிறார். அரை நிமிடம் போல ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் ரசிகரின் வசம் இருக்கிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் அப்படி 240 காத்திருப்புகள், ஐம்பது ஓவரில் 600.

காத்திருக்கும் கைகள் சும்மா இருப்பதில்லை. “எந்திரிக்காத, விக்கெட் விழுந்துரும்” என்ற அதட்டலைக் கேட்காத வீடு உண்டா? உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948ல் எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த நேரத்துக்கு ஒருமுறை தீனி விழச் செய்தார். ஆறு புறாக்கள் சடங்கு பழகிக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. தீனி வந்தபோது தற்செயலாகச் செய்ததை, தீனிக்குக் காரணமாக அவை எடுத்துக்கொண்டதாக ஸ்கின்னர் விளக்கினார். சிக்ஸர் பறந்தபோது வாசற்படியில் நின்றவரை, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நிறுத்திவைப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

வெற்றி தோல்வி நம் ஹார்மோனையும் தொடுகிறது. 1994 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரேசில் இத்தாலியை வீழ்த்தியபோது, ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. ஒரு பந்தைக்கூட உதைக்காதவர்கள் அவர்கள்.

அப்படியானால் தோற்றதும் ஒதுங்கிக்கொள்வதுதானே லாபம்? பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஜெயித்த மறுநாள் அணியின் சட்டை வெளியே வரும், தோற்றால் பீரோவுக்குள் போய்விடும். ஆனால் அணியோடு ஆழமாக ஒன்றிப்போனவர்கள் தோல்விக்குப் பிறகும் விலகுவதில்லை என்று உளவியலாளர்கள் டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம்ப் இருவரும் 1990ல் எழுதினார்கள். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் ஐம்பது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்து நம் கோப்பையைக் கொண்டுபோனார். அன்று டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவர்கள்தான் ஏழு மாதம் கழித்து பார்படாஸ் ஆட்டத்துக்கும் கண்விழித்தார்கள். கடைசி ஓவரின் முதல் பந்தில் சூர்யகுமார் எல்லைக் கோட்டருகே மில்லரின் கேட்ச்சைப் பிடித்து, மேலே தட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. பழைய காயம் இல்லாதவருக்கு அந்த 7 ரன் இத்தனை இனித்திருக்காது.

சுரப்பிகளின் கதை இத்தோடு முடிகிறது. ரசிகரின் கதை முடியவில்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு 271 ரன் இலக்கு. முதுகு வலியோடு 136 அடித்த சச்சின், இன்னும் 17 ரன் இருக்கையில் ஆட்டமிழந்தார். கடைசி நான்கு விக்கெட்டுகள் நான்கே ரன்னில் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி. அடுத்து நடந்ததை உடம்பின் கணக்கு எதுவும் சொல்லித் தராது. அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். தன் அணிக்காக இவ்வளவு வலிக்கத் தெரிந்த கூட்டத்துக்குத்தான் எதிரணி ஆடிய ஆட்டத்தின் அருமையும் தெரியும். வலிக்காதவர் வெறும் மரியாதைக்குத் தட்டலாம். அன்று தட்டியவர்கள் வலியோடு தட்டினார்கள்.