முதலில் பிரதி, பிறகு பழுதுபார்ப்பு

பேசாலையில் என் ஸ்டூடியோவுக்கு வன்தட்டோடு வருகிறவர்கள் அநேகமாக ஒரே கதைதான் சொல்வார்கள். "கொழுவினா வருகுது அண்ணன், கொஞ்ச நேரத்தில காணாமப் போகுது. பிறகு ஃபோர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது." அமத்தினீங்களா என்றுதான் முதலில் கேட்பேன். இல்லையென்றால் பாதிப் பயம் போய்விடும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கணினியால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான். படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

எங்கள் ஊரில் முதற் சந்தேகம் வயரில்தான். சோளகம் எழும்பினால் மேசையெல்லாம் பிசுபிசுக்கும். கடற்காற்றோடு வரும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். யூ.எஸ்.பி. முனையின் மெல்லிய தகடுகளை அது அரித்தால் மின்சாரம் ஒழுங்காகப் போகாது. சின்ன வகை வன்தட்டுக்கோ மின்சாரமும் தரவும் அந்த ஒரே வயரால்தான். பழைய யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லியம்பியர்தான் தரும், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் மின் தேவை கூடும். போதாவிட்டால் நின்றுவிட்டு மறுபடி முயலும். ஆகவே வேறு வயர் போடுங்கள். ஹப் வேண்டாம், மேசைக் கணினியென்றால் பின்பக்க போர்ட்டில் நேரே கொழுவுங்கள். இவ்வளவிலேயே சரிவந்தவை நிறைய.

மின்வெட்டும் ஒரு காரணம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் அந்தக் கோப்புப் பட்டியல் குழம்பும். என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபோர்மட் பண்ணிய தட்டில் மாற்றங்களைக் குறித்துவைத்து அதைச் சமாளிக்கும் ஏற்பாடு உண்டு, எக்ஸ்ஃபேட் முறையில் அது இல்லை.

வயர் மாற்றியும் தொல்லை தொடர்ந்தால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. சி5 என்பது வாசிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை. இவை நாளுக்கு நாள் ஏறினால் தட்டே பழுதாகிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் கண்டிப்பாக நிற்பேன். பலர் உடனே விண்டோஸின் செக் டிஸ்க் கருவியை ஓட்டுவார்கள். பட்டியலை ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை, உங்கள் படங்களைக் காப்பது அல்ல. நலிந்த தட்டை மணிக்கணக்கில் உழுது, மிச்சத்தையும் கெடுத்துவிடலாம். முதலில் பிரதி எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகுதான் திரும்பி வரும். திருத்தமெல்லாம் அந்தப் பிரதியில் செய்யலாம். தட்டில் டிக், டிக் என்று சத்தம் கேட்டால் பிரதி எடுக்கவும் வேண்டாம். கழற்றிவிட்டு, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்திடம் கொடுங்கள்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1990இல் யுத்தம் மறுபடி மூண்டபோது இந்தக் கரையிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போன குடும்பங்கள் பல. மண்டபம் அகதி முகாம்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த படங்களை ஸ்கேன் பண்ணி வன்தட்டில் போட்டிருக்கிறார்கள். அச்சுப்படத்தை ஈரம் தின்றுவிட்டது, கணினியில் இடமில்லையென்று அங்கேயும் அழித்தாயிற்று. அந்த முகங்கள் இப்போது இருப்பது ஒரேயொரு பெட்டிக்குள். அதனால், சரிசெய்து கொடுக்கும்போதே இன்னொரு வன்தட்டிலும் போட்டுக் கொடுக்கிறேன். அதை வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கும் பிள்ளையிடம் அனுப்பி, வருசத்தில் இரண்டு தரம் கொழுவி, நாலைந்து படத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.