அரசியல் சட்டம் திருந்தும் விதம்

வெளி ராஜ்யங்களில் வாழும் தமிழ் மக்கள் அறிய வேண்டியது, நமது அரசியல் சட்டத்தின் 350-ஏ ஷரத்து. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகள் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி பெறப் போதிய வசதியளிக்க ஒவ்வொரு ராஜ்யமும் முயல வேண்டும் என்று அது விதிக்கிறது.

1950-இல் சட்டம் அமலுக்கு வந்தபோது இந்த ஷரத்து இல்லை. 1956-இல் ராஜ்யங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, ஏழாவது திருத்தத்தின் வாயிலாக இது சேர்ந்தது. எண்ணையடுத்த எழுத்தே, இது பின்னர் சேர்ந்தது என்பதற்கு அடையாளம். அமெரிக்காவில் திருத்தங்களை மூலச் சட்டத்தின் இறுதியில் வரிசையாகச் சேர்ப்பர். இங்கோ உரிய இடத்திலேயே இணைத்துவிடுகின்றனர்.

திருத்தும் முறையை 368-ஆவது ஷரத்து வகுக்கிறது. பார்லிமெண்டின் இரு சபைகளிலும் தனித்தனியே, மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். மத்திய, ராஜ்ய அதிகாரப் பங்கீடு போன்றவற்றை மாற்றுவதாயின், ராஜ்யச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவையும் இசைய வேண்டும். இறுதியில் ஜனாதிபதி ஒப்புதல் அளிப்பார். எத்திருத்தமும் சட்டத்தின் அடிப்படை அமைப்பைச் சிதைத்தலாகாது என்று 1973-இல் சுப்ரீம் கோர்ட்டு எல்லை வகுத்தது.

ஷரத்து ஏட்டில் ஏறிவிட்டது. தம் ஊர்ப் பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமெனப் பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்டால்தான் அது குழந்தைகளுக்குப் பயன்படும்.